பாதிரிமார் தமிழும் பண்டிதர் பங்கும்

தமிழ் வளர்ந்த வரலாற்றைக் குறித்து மேடைகளிலும் பாடப் புத்தகங்களிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்த கிறிஸ்தவப் பாதிரிமார்கள், கரையிறங்கிய சில மாதங்களுக்குள், தம்முடைய புத்தி நுட்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு, முறையான இலக்கணமும் அகராதியும் இன்றிக் கிடந்த தமிழைக் கற்றுத் தேர்ந்து, அதனைச் சீர்திருத்தித் தமிழருக்கே திருப்பி அளித்தார்கள் என்பது அதன் சாரம். இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் நன்றியுணர்ச்சியால் கூறுகிறார்கள்; ஆகையால் இதனை மறுக்கப் புகுபவன் நன்றி கொன்றவன் என்ற பழிக்கு ஆளாக நேரும். எனினும், நன்றி என்பது உரியவர் அனைவருக்கும் உரிய அளவில் செலுத்தப்படவேண்டிய கடன் ஆதலின், இக்கூற்றின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது தவறாகாது.

முதலாவது, விரைவு பற்றியது. பாதிரிமார் சில மாதங்களில் தமிழ் கற்றனர் என்பர். தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த கத்தோலிக்கத் தொண்டருள் பெரும் புகழ் பெற்ற பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறையை அடைந்தார். இரு பாஷைகளும் அறிந்தவர் சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாட் பிரயாசையின் பின் ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருச் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சொல்லிக் கொடுத்தார். ஆயினும், மொழிபெயர்ப்பவன் உடன் இல்லாத 1544-ஆம் ஆண்டின் சில நாட்களில், மக்கள் பேசுவது தமக்கும் தாம் பேசுவது மக்களுக்கும் விளங்கவில்லை என்று உடன் ஊழியருக்கு மனம் விட்டு எழுதினார். அவருக்குப் பின் அதே கரைக்கு வந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் இரவும் பகலும் உழைத்துச் சில மாதங்களில் துபாஷியின் உதவியின்றிப் பேசத் துணிந்தது மெய்தான். ஆனால், 1546-ல் இந்தியாவுக்கு வந்த அவர் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலை அச்சிட்டது 1578-ல். அடியார் வரலாறுகளைத் தொகுத்த அவரது பெருநூல் வெளிவந்தது 1586-ல். பேசத் தொடங்கியதற்கும் நூல் அச்சிட்டதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. இவ்விடைக்காலத்தை விட்டுவிட்டு முதற் சில மாதங்களை மட்டும் எடுத்துக்காட்டுவது, ஒரு மனிதனின் ஆயுட்காலத் தவத்தை வித்தை காட்டியவனின் சாமர்த்தியமாகக் குறைத்துவிடுவதேயாகும்.

எட்டே மாதத்தில் தமிழில் பேசினார் என்று கொண்டாடப்படும் சீகன்பால்குவின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அவர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். தம்முடைய தினசரி முறையைக் கடிதம் ஒன்றில் அவரே வருணித்துள்ளார். காலை ஏழு மணி முதல் எட்டு வரை, முன் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஓதுவார். எட்டு முதல் நண்பகல் வரை, அதுவரை படித்திராத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பார். அருகே முதிய புலவர் ஒருவர் அமர்ந்து பொருள் விளக்க, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களை உடனுக்குடன் குறித்துக்கொள்வார். உணவருந்தும்போதும் ஒருவர் வாசித்துக் காட்டுவார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் சுவடிகள். இரவு ஏழு மணிக்குப் பின், கண்ணுக்கு அயர்வு உண்டாகாதிருக்கும் பொருட்டு, பிறர் படிக்கத் தாம் கேட்டிருப்பார். எந்தப் புலவரின் நடை தம் பேச்சுக்கும் எழுத்துக்கும் பின்பற்றத் தக்கதோ அதனையே விரும்பித் தேர்ந்தார். இவ்வாறு உழைத்தவரும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியது 1708-ல், முடித்தது 1711-ல். விரைவு என்ற சொல்லை இவ்வரலாற்றில் எங்கே பொருத்துவது?

இனி, இவர்கள் தனியே தம் மேதைமையால் கற்றனர் என்னும் இரண்டாவது கூற்றைப் பார்ப்போம். மேற்கண்ட தினசரி முறையிலேயே மூவர் இருக்கின்றனர். அவருள் ஒருவர்தான் பாதிரியார். சீகன்பால்குவும் அவர் தோழர் புளூட்சோவும் முதலில் செய்த காரியம், வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரைத் தம் பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிலேயே வந்து நடத்தும்படி வேண்டிக்கொண்டதாகும். ஊர்ப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினர். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. அந்த உபாத்தியாயருக்கு ஐரோப்பிய பாஷை எதுவும் தெரியாது. அதன் பின்னரே, டேனிஷ் வர்த்தகக் கும்பினியில் துபாஷியாக இருந்தவரும் போர்த்துக்கீசியம் முதலிய பல பாஷைகளைப் பேச வல்லவருமான அழகப்பனை அமர்த்திக்கொண்டனர். அழகப்பன் இவர்களுக்குத் துணை போனதன் பொருட்டுப் பின்னர் இன்னல்களும் அடைந்தார். அந்த உபாத்தியாயரின் மகனும் கவிஞருமான கணபதி வாத்தியார் 1709-ல் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவப் பாடல்களும் இயற்றினார். 1708-ல் சீகன்பால்கு தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய நூல்கள் 119 இடம்பெற்றன. ஊரூராக ஆளனுப்பி, இறந்துபோன கற்றோரின் வீடுகளிலிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கியே அவற்றைச் சேர்த்தார். தலைமுறை தலைமுறையாக ஏடு எழுதியும் பெயர்த்தெழுதியும் காத்த குடும்பங்கள் இல்லையேல் அவர் படிப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

இது தரங்கம்பாடிக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழ் முதன்முதல் அச்சேறியது, ரோமன் எழுத்திலே, 1554-ல் லிஸ்பன் நகரத்தில்; அந்நூலை ஆக்கித் தந்தவர் விசெந்தே தெ நசரேத், ஜோர்ஜே கர்வால்யோ, தொமா த குரூஸ் என்று போர்த்துக்கீசியப் பெயர் பூண்ட மூன்று தமிழர். அந்நிய பாஷையைக் கற்கும் முயற்சியில் இங்கே முந்திக்கொண்டவர் தமிழரே. மதுரையில் 1606-ல் குடியேறிய தத்துவ போதகரான நொபிலிக்கு வடமொழி கற்பித்தவர் சிவதர்மர் என்ற தெலுங்கு அந்தணர். வீரமாமுனிவருக்குச் சுப்பிரதீபக் கவிராயர் ஆசிரியராக இருந்தார் என்பது மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்த இராமாநுச கவிராயர் ஒருவரிடமே துரு, வின்ஸ்லோ, போப் ஆகியோர் பாடங் கேட்டனர். துரு பாதிரியார் 1840-ல் திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டபோது பரிமேலழகர் உரையோடு கவிராயரின் விளக்கமும் உடன் வெளிவந்தது. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு 1862-ல் வெளியான வின்ஸ்லோ அகராதியின் முன்னுரையில் கவிராயரின் பல்லாண்டு உதவி குறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பாதிரிமார் தம் ஆசிரியரை மறைத்தாரல்லர். அவர்களைப் போற்றப் புகுந்த நம்மவரே மறந்துவிட்டனர்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அந்தப் பண்டிதர்களும் முன்ஷிகளும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள்; கூலி கொடுத்தவுடன் கணக்குத் தீர்ந்துவிட்டதன்றோ, புகழிலும் பங்கு கேட்பானேன் என்பர். இது முற்றிலும் ஒதுக்கத் தக்க வாதமன்று. ஏனெனில் பண்டிதர் பலருக்கு அதுவே ஜீவனோபாயமாக இருந்தது. ஆனால், சம்பளம் வாங்குவோன் சொன்னதைச் செய்பவனாயின், பாஷை கற்பிக்கும் முன்ஷியோ சொல்லத் தெரியாதவனுக்குச் சொல்லித் தருபவன். எந்த நூலை முதலில் படிப்பது, எந்த வழக்கு இழிந்தது, எந்தச் சொல் சபைக்கு ஆகாது என்பவற்றையெல்லாம் தீர்மானித்தவர் அவரேயன்றிச் சம்பளம் கொடுத்தவர் அல்லர். இதற்குச் சிறந்த சாட்சி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த அவர், பீற்றர் பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு, விவிலியத்தை மொழிபெயர்க்கும் பெரும்பணியிலும் துணை நின்றார். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டுப் புலவர் மகாலிங்கையரின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவரது பாராட்டைப் பெற்றது என்று நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். வேத வசனங்களை வரிவரியாகத் தமிழாக்கித் தந்த அதே மனிதர் நெற்றியில் நீறு அழியாத சைவராகவே இருந்து, 1848-ல் மிஷனை விட்டு நீங்கி, அம்மிஷனின் பிரசாரத்தை எதிர்ப்பதற்கே தம் நாவையும் எழுதுகோலையும் அச்சுக்கூடத்தையும் அர்ப்பணித்தார். கூலியாள் என்ற சொல் இத்தகைய ஆசிரியரை அடக்க வல்லதா? பெர்சிவல் ஒருபோதும் தம் ஆசிரியரின் கொள்கையை விலைக்கு வாங்கவில்லை. நாவலரும் ஒருபோதும் தம் மாணவரின் பாஷைக் கல்வியில் வஞ்சனை செய்யவில்லை. இருவருக்கும் பெருமை தரும் இச்செய்தி, தனிமேதை என்னும் கதையில் இடமின்றிப் போய்விடுகிறது.

மூன்றாவதாக, இலக்கணமும் அகராதியும் இல்லாத மொழிக்கு அவற்றைப் பாதிரிமார் தந்தனர் என்னும் கூற்று. தொல்காப்பியத்தையும் நன்னூலையும் பெற்றிருந்த மொழியை இலக்கணமற்றது என்பதற்கு மறுப்பும் வேண்டுமோ? திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்திருந்தன. எழுத்து வரிசையில் சொற்களை அமைக்கும் முறையும், சிதம்பர ரேவண சித்தர் 1594-ல் இயற்றிய அகராதி நிகண்டில் முன்னரே தொடங்கிவிட்டது. வீரமாமுனிவரின் தொன்னூல் விளக்கம் ஐந்திலக்கண மரபின் வழியிலேயே செல்கிறது. 3,615 பாக்களாலாகிய தேம்பாவணி, சிந்தாமணியையும் கம்பனையும் ஊன்றிப் பயின்றவர் கைக்கன்றிப் பிறர்க்கு வாய்க்காதது.

நிற்க. இவற்றைக் கூறியதனால் பாதிரிமார் தமிழுக்கு ஒன்றும் தரவில்லை என்று முடிவு கட்டுவது, மறுக்கப் புகுந்த பிழைக்கு மறுதலைப் பிழையாகும். பண்டிதர் இழிவழக்கு என்று ஒதுக்கிய அன்றாடப் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று கண்டு, அதனைத் தனி நூலாக எழுதியவர் வீரமாமுனிவர். லத்தீனில் அமைந்த அக்கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பிறந்த நாள் முதல் பேசிவருபவனுக்குத் தன் பேச்சின் விதி கண்ணில் படுவதில்லை. தவறித் தவறிக் கற்கும் அந்நியனுக்கே அது முதலில் புலப்படும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலே தெளிவுறக் காட்டியதும், பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சதுரகராதியை 1732-ல் அமைத்ததும், அச்சுப்பொறியை நாட்டியதும், உரையாசிரியர்களிடம் மட்டும் தங்கியிருந்த உரைநடையைக் குடியானவனும் கேட்டு உணரும்படி எளிமையாக்கியதும் அவர்கள் பங்கு. முன்னிருந்த செல்வத்தைக் கண்டுணர்ந்து புதிய முறையில் எடுத்து வழங்கினர் என்பதே உண்மை; அதுவே அவர்களுக்குப் போதிய பெருமை.

இறுதியாக, எதிர்ப்புறத்தில் நின்று பேசுவோருக்கும் ஒரு சொல். இவர்கள் தமிழ் கற்றதெல்லாம் மதம் பரப்பும் சூழ்ச்சியே என்றும், மொழிப்பற்று என்பது வேஷமே என்றும் அவர்கள் சாதிக்கின்றனர். மதம் பரப்பவே வந்தார்கள் என்பதைப் பாதிரிமார் எவரும் ஒளிக்கவில்லை. ஆனால், கற்கத் தொடங்கிய நோக்கமும் கற்றபின் விளையும் மனநிலையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி 1713-ல் ஹாலே நகரத்துக்கு அனுப்பியபோது, அஞ்ஞானத்தை இந்தியாவில் வேரறுப்பதற்கு அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்ற கருத்தில் அங்கிருந்த பெரியோர் அதனை ஒதுக்கி வைத்தனர்; அது சென்னையில் அச்சேறுவதற்கு 1867 வரை காத்திருக்க நேர்ந்தது. வெறும் கருவியாகவே மொழியைக் கற்றவன், தன்னை அனுப்பியவர்கள் முகம் சுளிக்கும் அளவுக்கு அம்மக்களின் நூல்களில் ஆழ்ந்திருக்கமாட்டான். புலவரை அருகில் அமர்த்திக்கொண்டு பாடங் கேட்ட ஆண்டுகள் அவரை மாற்றியிருந்தன. அம்மாற்றத்திலும் அப்பெயரறியாப் புலவருக்குப் பங்கு உண்டு.

சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது வீரமாமுனிவருக்கும் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் சிலை எடுத்தோம், எடுத்தது தகும். அச்சிலைகளைக் குறைக்கவேண்டும் என்பது என் வாதமன்று. சீகன்பால்குவைப் பற்றிய பாடத்தில் கணபதி வாத்தியாருக்கும் அழகப்பனுக்கும், போப்பைப் பற்றிய பாடத்தில் இராமாநுச கவிராயருக்கும், பெர்சிவலைப் பற்றிய பாடத்தில் நாவலருக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்கப்படவேண்டும் என்பதே வேண்டுகோள். அந்நியன் ஒருவன் வந்து தமிழ் கற்றான் என்னும்போது, கற்பிக்க வல்லார் இங்கே இருந்தனர் என்பதும் அதே வாக்கியத்தின் பாதியாகும். அப்பாதியை விட்டுவிட்டு நாம் நம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிவருகிறோம்.