வரப்பைத் தாண்டினது யாரு?

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகன் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான்: "என்ன இருந்தாலும் அன்னிக்கு லார்ட்ஸ்ல தீப்தி சர்மா செஞ்சது அசிங்கம் மாமா. விளையாட்டுக்குன்னு ஒரு தர்மம் இருக்குல்ல?" எனக்குச் சோறு இறங்கலை. சென்னையில பெரிய வேலையில இருக்கான், கிரிக்கெட்டும் தெரிஞ்சவன். அவன்கிட்ட சொன்னதையே இங்கயும் எழுதுறேன், ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் அவன் கட்சியாத்தான் இருப்பீங்க.

2022 செப்டம்பர் 24. நம்ம பொண்ணுங்க 169-க்கு ஆல் அவுட். இங்கிலாந்து 118-க்கு ஒன்பது விக்கெட். முடிஞ்சுதுன்னு பார்த்தா, சார்லி டீன்னு ஒரு பொண்ணு நின்னு ஆடி 47 ரன் எடுத்துருச்சு. நல்ல ஆட்டம், நான் மறுக்கலை. இன்னும் 17 ரன் எடுத்தா ஜெயம். தீப்தி பந்து போட வர, எதிர்முனையில இருந்த டீன், பந்து கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டியாச்சு. தீப்தி திரும்பிப் பெயிலைத் தட்டிருச்சு. பத்தாவது விக்கெட். 153-ல இன்னிங்ஸ் காலி. கடைசி ஆள் ஒத்தையா நின்னு ஆடுறதெல்லாம் எங்க ஊர்ல அறுத்த வயல்ல ஆடுற மேட்ச்லதான் உண்டு.

உடனே ஊரே கூடி அந்தப் பொண்ணைத் திட்டுது. எச்சரிச்சாளா, எச்சரிக்கலையான்னு பஞ்சாயத்து. நான் கேக்கிறேன், பேட்ஸ்மேன் ஒரு அங்குலம் வெளிய போனா கீப்பர் ஸ்டம்பிங் பண்றாரே, அவர் எச்சரிச்சுட்டா பண்றார்? அதுக்குக் கைதட்டுறீங்க.

வயல்ல வேலை பார்த்தவனுக்கு இது சட்டுனு புரியும். நடவுக்கு முன்னாடி அண்டை வெட்டுவோம், வரப்போட ஓரத்தை மண்வெட்டியால சீவுறது. பக்கத்து வயல்காரர் வருசா வருசம் நாலு விரக்கடை கூடுதலாச் சீவுவார். கேட்டா, "என்னண்ணே, ஒரு சாண் மண்ணுக்கா சண்டை?"ன்னு சிரிப்பார். பத்து வருசத்துல ரெண்டு பேர் நடந்த வரப்புல ஒரு ஆள் காலை மாத்தி மாத்தி வைக்கணும்னு ஆச்சு. சர்வேயரைக் கூட்டியாந்து கல்லு நட்டேன். ஊர் என்ன சொல்லுச்சு? "பழகின மனுசன்மேல இப்படிப் பண்ணலாமா?" மண்ணை எடுத்தவர் நல்லவர், அளந்தவன் கெட்டவன்.

கிரிக்கெட்லயும் இதே கதைதான். 1947-ல சிட்னி டெஸ்ட்ல பில் பிரவுனை வினூ மன்கட் இப்படி அவுட்டாக்கினார். அதுக்கு முன்னாடி அதே பயணத்துல ஒரு மேட்ச்ல எச்சரிச்சும் இருந்தார். மன்கட் மேல தப்பில்லைன்னு பிராட்மேனே எழுதினார். ஆனா அத்துமீறினது பிரவுன், பேரு கெட்டது மன்கட். இன்னிக்கும் 'மன்கடிங்'னுதானே சொல்றீங்க? சரி, எச்சரிச்சா விட்டுடுவாங்களா? 2014-ல பட்லரை எச்சரிச்சுட்டுத்தான் இலங்கை வீரர் சேனநாயக்க அவுட்டாக்கினார். அப்பவும் திட்டுதான் கிடைச்சது. 2019-ல அதே பட்லரை நம்ம அஸ்வின் ஜெய்ப்பூர்ல ரன் அவுட் பண்ணினப்ப விழுந்த வசவு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

விட்டுக்கொடுத்தவங்க கதையும் இருக்கு. 1987 உலகக் கோப்பை, லாகூர். பாகிஸ்தானுக்குக் கடைசி விக்கெட், கடைசி ஓவர். சலீம் ஜாஃபர் முன்னாடியே ஓடிட்டார். கோர்ட்னி வால்ஷ் ஸ்டம்பைத் தொடலை, திரும்பி வரச் சொல்லிட்டுப் போயிட்டார். பெரிய மனசு, கும்பிடுறேன். பாகிஸ்தான் ஒரு விக்கெட்ல ஜெயிச்சது. வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்கே போகலை. புகழ்ந்தவங்க யாராவது அந்த ஒரு விக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாங்களா? தானா கொடுத்தா அது தானம். கொடுத்தே ஆகணும்னு அடுத்தவன் நின்னு மிரட்டினா அதுக்குப் பேரு வேற.

இன்னொண்ணு. இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்'கிற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, 38-ஆம் விதியில சாதாரண ரன் அவுட்டாச் சேர்க்கப்போறதா அந்த மார்ச் மாசமே அறிவிச்சாச்சு. அக்டோபர் 1-லேர்ந்து அமலுக்கும் வந்துருச்சு. அறிவிச்சது யாரு? அதே லார்ட்ஸ்ல உட்கார்ந்திருக்கிற எம்.சி.சி.

இவ்வளவும் கேட்டுட்டு, "இருந்தாலும் மாமா..."ன்னு இழுத்தான் பய. ரசம் ஊத்திக்கடான்னுட்டேன். பக்கத்து வயல்காரர் இன்னும் என்கிட்ட பேசறதில்லை. கல்லு மட்டும் நட்ட இடத்துலயே இருக்கு.