பதின்மூன்று வயதுப் பையனுக்கு என்ன வாங்கினீர்கள்?

தீபாவளி நெருங்கும் வாரத்தில் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் பை பையாகப் பொம்மைகள் வந்து இறங்கும். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், அரிமா சங்கத்தார் வருவார்கள், குடும்பத்தோடு காரில் வந்து இறங்குபவர்களும் உண்டு. எல்லாரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கரடி பொம்மை, பந்து, கிரேயான் டப்பா. நாலு வயதுக் குழந்தைக்கு வாங்கியவை. கட்டில்களில் இருப்பவர்களோ ஆறு மாதக் கைக்குழந்தை முதல் மீசை அரும்பும் பையன் வரை. நோயுற்ற பிள்ளை என்றதும் நம் மனசில் ஒரு சின்னக் குழந்தையின் முகம் வந்துவிடுகிறது. கடைக்குப் போனதும் அந்த முகத்துக்கே வாங்கிவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன் வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், நோய் வேண்டாம். எந்த வயதில் எத்தனை பேர், வார்டுக்குள் எதைக் கொண்டுவரக் கூடாது, இவ்வளவு தெரிந்தால் போதும். எந்த சிஸ்டரும் இதற்குச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கேட்கிறார்களே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அது வாய்க்குப் போகும். ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அந்த வயதுக்கு ஆகாது என்பதுதான் பொம்மைப் பாதுகாப்பில் பல நாடுகளும் வைத்திருக்கும் கணக்கு. ஊதிய பலூன் உடைந்து விழும் ரப்பர்த் துண்டும் இதில் சேரும். பட்டன் பேட்டரி போட்டு மினுக்கும் பொம்மைகளை இந்த வயதுக்குத் தொடவே வேண்டாம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நடைபாதைக் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்க ஒரு நிமிஷம் ஆகாது.

இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் எடுத்த ஆவணப்படம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அப்போதெல்லாம் பெற்றோரை வார்டில் தங்க விடமாட்டார்கள். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் விடப்பட்ட ஒரு சிறுமியை அவர் படம் பிடித்தார். வீட்டிலிருந்து வந்த பொம்மைக் கரடியையும் பழைய போர்வைத் துண்டையும்தான் அவள் இறுக்கிப் பிடித்திருப்பாள். தாயைக் கூடவே தங்க விட வேண்டும், பிள்ளைகள் விளையாட வழி செய்ய வேண்டும் என்று அங்கே பிளாட் குழு 1959-ல் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட காட்சிகள் இருந்தன. நம் வார்டுகளில் அம்மாவோ பாட்டியோ கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அந்த வகையில் நம் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அவசரத்தில் ஊரிலிருந்து கிளம்பி வரும்போது குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பழைய சேலைத் துணி வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கும். அதை யாராவது பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் அந்தக் குழந்தைக்கு வேறு பரிசே வேண்டாம்.

புற்றுநோய் வார்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கியது போன்ற மருத்துவமனைகளில், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். வீட்டுக்கும் வார்டுக்குமாக இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல் போய்விடும். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பூங்கொத்து, தொட்டிச்செடி, தூசி பிடிக்கும் பஞ்சுப் பொம்மை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க முடிந்த, பிரிக்காத புதுப் பொருளாக இருக்க வேண்டும். புத்தாடை என்றால் முன்பக்கம் பட்டன் வைத்தது. தலை வழியாக மாட்டும் பனியனை, மருந்துக்குழாய் போட்ட பிள்ளைக்கு மாட்டிவிடுவதற்குள் அம்மாவுக்கு வேர்த்துவிடும். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளையின் முகமும் வயிறும் உப்பியிருக்கும். வயதுக்கு ஏற்ற அளவை நம்பாமல் ஒரு சுற்றுப் பெரியதாக எடுப்பது நல்லது.

கீமோ கொடுத்து முடி கொட்டிப்போன ஒரு பெண் பிள்ளைக்கு, ஒரு குழு ஹேர்பேண்டும் கிளிப்பும் அடங்கிய பளபளப்பான பெட்டியைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எட்டு ஒன்பது வயது இருக்கும். அவள் அழவில்லை. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கி, பெட்டியைத் திறக்காமல் அம்மாவிடம் நீட்டினாள். அந்த அம்மா அதைத் துணிப்பைக்குள் அடியில் செருகி, மேலே துண்டை வைத்து மூடினார். வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண் குழந்தை என்பதோடு அவர்கள் யோசனை நின்றுவிட்டது.

நாலு முதல் ஏழு வயது வரை, என் அனுபவத்தில், டாக்டர் செட்டை மிஞ்சிய பொம்மை கிடையாது. வார்டில் அந்தக் குழந்தைக்கு எல்லாமே மற்றவர்கள் செய்வது. ஊசி, மாத்திரை, படு, எழுந்திரு எல்லாம் உத்தரவாக வரும். பிளாஸ்டிக் ஊசி கைக்கு வந்ததும் உத்தரவு போடும் இடத்துக்கு அது வந்துவிடுகிறது. ஒரு சிறுமி தன் பொம்மையின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். "இதோ ஆச்சு, கண்ணை மூடிக்கோ, எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்றாள். வார்டு சிஸ்டரின் அதே குரல், அதே இழுவை. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஊதிவிட்டாள். அம்பாசமுத்திரத்து மரச் சொப்பும் இந்த வயதுக்கு நல்லது. கஞ்சி காய்ச்சி, பத்தியம் போட்டு, பொம்மையை மிரட்டிச் சாப்பிட வைப்பார்கள்.

எட்டு வயதுக்கு மேல் இன்னொரு விஷயம் வந்து சேரும்: டிரிப்ஸ் எந்தக் கையில்? எழுதாத கையில்தான் ஊசி ஏற்றப் பார்ப்பார்கள், ஆனால் நரம்பு கிடைக்கிற இடம்தான் இடம். இரண்டு கையும் வேண்டிய கட்டுமானப் பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு கைக்காரப் பையன் என்ன செய்வான்? பல்லாங்குழிக்கு ஒரு கை போதும். ஏழு ஏழாகப் பதினான்கு குழி, மடித்து வைத்தால் தலையணைப் பக்கத்திலேயே இருக்கும், சோழியைக் கழுவிக்கொள்ளலாம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், வலது கையைப் பலகையில் கட்டி வைத்திருந்தார்கள், இடது கையாலேயே தன் அம்மாவோடு ஆடினான். அந்த அம்மா கை அப்படி ஒரு வேகம். சோழி விழும் சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "நாலு சேர்ந்துடுச்சு பாரு, பசு எடுடா" என்று பையனுக்குச் சாடை காட்டினார். "யம்மோவ், கள்ளாட்டம் ஆடாத" என்று அவன் கத்தினான். நோய் பற்றி அல்லாமல் அம்மாவும் பிள்ளையும் சண்டை போட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. சிறு பிள்ளைகள் இருக்கும் கட்டில் அருகே மட்டும் சோழியை எண்ணித்தான் எடுத்து வைக்க வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்கள்தான் யாருடைய பையிலும் இல்லாதவர்கள். ஒரு பையன் கையில் ரோஸ் கலர் டெடியைத் திணித்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அவன் அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அந்த வயதில் வெட்கம் நோயைவிடப் பெரிது. செஸ் அட்டை, ரூபிக் கியூப், நல்ல பேனாவும் தடித்த நோட்டும், ஒரு துப்பறியும் கதை, ஹெட்போன், போனுக்கு ஒரு மாத ரீசார்ஜ் என்று எத்தனையோ இருக்கின்றன. எது வேண்டும் என்று அவர்களையே கேட்கலாம், கேட்டாலே பாதிப் பரிசு. அந்த போட்டோவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இனிப்பும் மிக்சரும் இல்லாமல் தீபாவளியா என்று கை பரபரக்கும். சிறுநீரகக் கோளாறால் உடம்பு வீங்கிய பிள்ளைக்கு உப்பு ஆகாது, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு லட்டைக் கண்ணில் காட்டுவதே கொடுமை. தின்பண்டம் வேண்டாம், அவ்வளவுதான்.

யார் கொடுப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வரிசையில் நிற்க வைத்து நாம் கொடுக்க வேண்டாம். முந்தின நாளே அம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டால், விடியற்காலையில் தலைமாட்டில் அவர்களே வைப்பார்கள். பண்டிகைக்கு எதுவும் வாங்கித் தர முடியவில்லையே என்று மருகிக்கொண்டிருக்கும் தகப்பன் கையால் அது போகட்டும். ஊரில் பாட்டி வீட்டில் விடப்பட்ட அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சேர்த்து வையுங்கள்.

வாங்கியதில் பாதியை சிஸ்டரின் அலமாரியில் விட்டுவிட்டு வருவதும் நல்லது. ஐப்பசியில் குவிகிற பொம்மை கார்த்திகையில் ஒன்றுகூட இருப்பதில்லை. மார்கழியில் அட்மிட் ஆகிற பிள்ளைக்கும் ரத்தம் எடுப்பார்கள், முதுகில் ஊசி போடுவார்கள். அது முடிந்ததும் எடுத்துக் கொடுக்க அந்த வயதுக்கு ஏற்ற ஏதாவது ஒன்று சிஸ்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.