பூச்சிக்கும் பட்டமா?

நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் ஆங்கிலப் பெயர்களைப் படித்தால், ஓர் அரசவையே எழுந்து நிற்கிறது! ராஜா, நவாப், டியூக், பாரன், கமாண்டர், சார்ஜண்ட் எல்லோரும் உளர். வெள்ளையர் ஆட்சியில் பூச்சிகளை ஆராய்ந்தவருள் படை அதிகாரிகள் பலர். அவர்கள் பழகிய பதவிகளே பெயர்களாயின. அவர்களுள் ஒருவரான எவன்ஸ் 1927-இல் வெளியிட்ட நூலிலும் இத்தகைய பெயர்களைக் காணலாம்.

பட்டத்துக்கேற்ற வாழ்வா? ராஜாவும் நவாபும் அழுகிய கனியிலும் சாணத்திலும் சாறு உறிஞ்சுகின்றன. பாரன் பிரபுவின் புழுவோ மாவிலை தின்று, அதன் நடுநரம்போடு ஒட்டிக்கிடந்து, பறவையின் கண்ணுக்குத் தப்புகிறது. இவ்வியப்பைப் பட்டம் சொல்கிறதா?

தமிழ்நாட்டரசு 2019-இல் ‘தமிழ் யோமன்’ என்பதைத் ‘தமிழ் மறவன்’ என்ற பெயரில் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. மகிழ்ச்சியே! ஆயினும், யோமன் என்றால் சொந்த நிலமுடைய உழவன். உழவன் போய் மறவன் வந்தான், பூச்சி வரவில்லையே!

நம் முன்னோர் இப்படியா பெயரிட்டனர்? கைகூப்பி நிற்பது கும்பிடுபூச்சி, மின்னுவது மின்மினி, பொன்னாய் ஒளிர்வது பொன்வண்டு. பெயரைக் கேட்ட குழந்தைக்கும் உயிர் கண்முன் தோன்றும்.

நண்பர்களே, ஒக்கலிபுரத்தில் உங்கள் வீட்டருகே மாமரம் இருந்தால் இலைகளை உற்றுப் பாருங்கள். பாரனை ‘மாவிலையன்’ என்றழைத்தால் என்ன குறை? பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர் எப்படி அழைக்கிறார் என்பதையும் கேட்டறியுங்கள். அறிவியலைத் தமிழில் எழுத விரும்பும் நாம், முதலில் உயிரைப் பார்ப்போம், பிறகு பெயரிடுவோம்.