வட்டி குறைந்தது, வங்கிப் புத்தகத்தை மாற்றுவதா?



2025 மே 22ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது ஓரிரவு கொள்கை வட்டி வீதத்தை 8 சதவீதத்திலிருந்து 7.75 சதவீதமாகக் குறைத்தது. அன்றிலிருந்து பளை, இயக்கச்சி, கிளாலிப் பக்கம் சந்தா வாங்கப் போன இடமெல்லாம் நமக்கு ஒரே கேள்விதான்: "வட்டி குறைஞ்சு போச்சாம். காசை எடுத்து வேற இடத்தில போடவோ?"

இந்தக் கேள்வியைச் சின்னதாக நினைக்க முடியாது. தேங்காய் பிடுங்கியும் உரித்தும் மட்டை சுமந்தும் சேர்த்த காசு அது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து, இங்கேயும் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, சேலை மடிப்பில் வங்கிப் புத்தகத்தைச் சுற்றிக் கொண்டு ஓடிய தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இம்மாதத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் ஓர் உண்மை. 2022இலும் 2023 தொடக்கத்திலும் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. மூன்று இலட்சம் ரூபா வைத்திருந்தவருக்கு மாதம் 5,000 ரூபா வந்தது. இன்று அதே காசுக்கு 7.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 1,875 ரூபாதான். வட்டிக் காசில் மருந்து வாங்கும் ஒரு முதியவருக்கு இது பெரிய அடி. ஆனால் அந்த 20 சதவீதக் காலத்தில் நாம் இலாபம் பார்த்தோமா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. வட்டி வந்தது, அரிசியும் மாவும் அதைவிட வேகமாக எடுத்துக்கொண்டு போயின. வட்டி வீதத்தை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். எங்கள் தோட்டப் பாடசாலையில் மேல் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்துவிடும் கணக்கு இது. வீட்டிலுள்ள பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சேமிப்புப் புத்தகத்தில் 50,000 ரூபா இருக்கிறது. இன்னொரு வங்கி 1 சதவீதம் கூடத் தருகிறது. வருடத்துக்குக் கிடைப்பது 500 ரூபா. புதுக் கணக்குத் திறக்க யாழ்ப்பாணமோ சாவகச்சேரியோ போனால் ஒரு நாள் வேலை போகும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேசிய குறைந்தபட்ச நாட்கூலியே 1,080 ரூபாவாக இருந்தது. பஸ் காசு வேறு. இரண்டு வருட இலாபம் அந்த ஒரு பயணத்திலேயே முடிந்துவிடும்.

அதைவிட, புத்தகத்தில் சும்மா கிடக்கும் காசில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தேவைப்படாத பங்கை அதே வங்கியிலேயே நிலையான வைப்பாக மாற்றுவது பலருக்கு நல்லது. சேமிப்பு வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வங்கிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைவிடப் பெரும்பாலும் பெரிது. ஆனால் ஏற்கெனவே போட்ட வைப்பைத் தவணைக்கு முன் உடைக்காதீர்கள். வட்டியில் வெட்டு விழும். சிறுவர் கணக்கில் போட்டதைப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கை மாற்றாமலே மீட்கக் கூடிய காசும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிவிட்டது. மூன்று இலட்சத்துக்கு 22,500 ரூபா வட்டி வந்தால் 2,250 ரூபா வரியாகப் போகிறது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் இதைக் கட்டத் தேவையில்லை. நம்மில் யாருக்கு 18 இலட்சம்? வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் நிரப்பித் தரும். 60 வயது கடந்தவர்களுக்கு, பத்து இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்கு 3 சதவீதம் மேலதிக வட்டி தரும் திட்டம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று. அடகில் நகை இருக்க, புத்தகத்தில் காசு வைத்திருப்பது சேமிப்பு அல்ல. அடகு வட்டி 12 சதவீதம், சேமிப்பு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாவுக்கு 6,000 கட்டுகிறோம், 1,500 வாங்குகிறோம். முதலில் தோட்டை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது நாம் மிகவும் அஞ்சுகிற விஷயம். வட்டி குறையும் காலத்தில்தான் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். "வங்கி என்ன தருது அம்மா? நாங்கள் மாதம் 3 சதவீதம் தாறம்" என்பார்கள். மாதம் 3 என்றால் வருடம் 36. எந்தத் தொழிலில் இது வருகிறது என்று கேளுங்கள், பதில் வராது. 2008 டிசெம்பரில் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது படித்தவர்களும் காசை இழந்தார்கள். அது மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற வைப்பு நிறுவனம் அல்ல. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. அது அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தபடியால், வைப்பிட்டவர்களுக்கு வைப்புக் காப்புறுதியிலிருந்து அன்றைய எல்லையான ஆறு இலட்சம் ரூபா வரை கிடைத்தது. இன்று அந்த எல்லை ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா.

கூட்டுறவுக் கிராமிய வங்கியும் சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கமும் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. அதற்காக அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. அவசரத்துக்குக் கடன் தருவது பெரும்பாலும் அவைதான். ஆனால் அங்கே காவல் நாமேதான். பொதுக்கூட்டத்துக்குப் போங்கள், கணக்கறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள்.

கடைசியாக, நம் மிகப் பெரிய சேமிப்பு எது? ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8, முதலாளி 12, மொத்தம் 20 சதவீதம். மாதம் 27,000 ரூபா சம்பளத்துக்கு 5,400 ரூபா. வருடத்துக்கு 64,800 ரூபா. "நீ நாட்கூலிதானே" என்று சொல்லி முதலாளி இதைக் கட்டாமல் விட்டால், 500 ரூபா வட்டி வித்தியாசத்துக்கு ஓடி என்ன பயன்? நாட்கூலிக்கும் சேமலாப நிதி உண்டு என்பது சட்டம். வட்டியை மத்திய வங்கி தீர்மானிக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது. நம் பெயரில் கட்டவேண்டிய காசைக் கட்டவைக்க நம்மால் முடியும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, சேமலாப நிதிக் கூற்று மூன்றையும் கொண்டு வாருங்கள். கூற்று வராதவர்களின் பெயரை அன்றே எழுதி எடுத்துத் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுப்போம். அதுவரை, படலையில் வந்து நிற்கும் எவரிடமும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.