மராவியில் வென்றது யார்?

2017 மே 23ஆம் நாள், தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் லானாவ் ஏரிக்கரையில் உள்ள மராவி நகரத்தில், அபு சயாப் தலைவன் இஸ்னிலோன் ஹாப்பிலோனைப் பிடிக்க இராணுவமும் போலீசும் ஒரு வீட்டை முற்றுகையிட்டன. அவன் சிக்கவில்லை. ஆனால் அவனும் மாவுத்தே சகோதரர்களும் திரட்டி வைத்திருந்த ஆயுதக் கும்பல் அன்றே நகரத்தைக் கைப்பற்றியது. சிறைக் கதவுகள் திறக்கப்பட்டன. டான்சலான் கல்லூரி எரிந்தது. தேவாலயப் பாதிரியாரும் அவருடன் இருந்தவர்களும் பிணைக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டனர். கிறிஸ்துவர் என்று தெரிந்ததும் சுட்டுக் கொல்லப்பட்ட சாதாரணத் தொழிலாளர்களும் உண்டு. இதை விடுதலைப் போராட்டம் என்று அழைப்பவன் எவனாக இருந்தாலும் அவன் பொய் சொல்கிறான்.

அதே நேரத்தில், மரானாவ் முஸ்லிம்கள் தங்கள் கிறிஸ்துவ அண்டை வீட்டாரை வீட்டுக்குள் மறைத்துக் காத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் துணை ஆளுநர் நொரோடின் அலோந்தோ லுக்மான் தம் வீட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட கிறிஸ்துவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, பிறகு அவர்களை வெளியே அழைத்து வந்தார். ஒரு கும்பலின் குற்றத்தை ஓர் இனத்தின் தலையில் கட்டுவோர் இந்த மனிதரை நினைவில் வைப்பதில்லை.

இராணுவத்தின் பதிலடி என்ன? ஐந்து மாதங்கள் விமானக் குண்டுவீச்சும் பீரங்கித் தாக்குதலும் நடந்தன. ஒரு குண்டு சொந்தப் படைவீரர்கள் மீதே விழுந்தது. அக்டோபரில் ஹாப்பிலோனும் ஒமார் மாவுத்தேயும் கொல்லப்பட்டனர். நம் மலாயா பல்கலைக்கழகத்தின் முன்னாள் விரிவுரையாளர் மாமுட் அகமட்டும் அங்குதான் மாண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இராணுவத்தினரும் போலீசாருமே 160க்கு மேல். அடையாளம் தெரியாத உடல்கள் பொது மயானத்தில் புதைக்கப்பட்டன. மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அகதிகளாயினர். நகரத்தின் வணிக மையமே இடிபாடாகி விட்டது. தப்பி வந்த பொதுமக்களைப் படையினர் அடித்துத் துன்புறுத்தியதாகவும், குண்டுவீச்சின் அளவு நியாயமானதா என ஆராய வேண்டும் என்றும் அம்னெஸ்டி இண்டர்நேஷனல் 2017 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது.

சண்டை ஒரே நகரத்தில்தான். ஆனால் அதிபர் டுத்தர்தே முதல் நாள் இரவே மாஸ்கோவில் இருந்துகொண்டு மிண்டனாவ் முழுவதற்கும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். மூன்று முறை நீட்டிக்கப்பட்டு, 2019 டிசம்பர் 31 வரை அது நடப்பில் இருந்தது. சண்டையோ 2017 அக்டோபரிலேயே முடிந்து விட்டது! மீதி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது எதற்கு?

பிலிப்பைன்ஸ் மக்கள் மார்க்கோசிடம் பட்ட பாட்டினால் தங்கள் 1987 அரசியலமைப்பில் சில வேலிகளைப் போட்டு வைத்துள்ளனர். எந்தக் குடிமகனும் அத்தகைய பிரகடனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போகலாம். 30 நாளில் தீர்ப்பு வர வேண்டும். கிளர்ச்சி தொடர்பில் பிடிபட்டவர் மீது மூன்று நாளில் வழக்கு தொடுக்க வேண்டும், இல்லையேல் விடுதலை. 2017 ஜூலையில் நீதிமன்றம் டுத்தர்தேயின் பக்கமே தீர்ப்பளித்தது. தீவு முழுவதையும் இராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டு வருவது அதிபரின் முடிவுக்கு உரியது என்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பினும், கேள்வி கேட்க ஒரு வாசலாவது இருந்தது. நம் நாட்டில் அவசரகாலப் பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி 150ஆவது விதி 1981இலேயே திருத்தப்பட்டது. எந்த அவசரகாலமும் இல்லாமலேயே 2012ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டம் ஒருவரை 28 நாள்கள் போலீஸ் காவலில் வைக்க இடமளிக்கிறது.

அங்கேயும் அந்த வேலி பிறகு சாய்க்கப்பட்டது. 2020இல் வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம், வழக்கு தொடுக்காமல் 14 நாளும், மேலும் 10 நாளும் தடுத்து வைக்க அனுமதிக்கிறது. இராணுவச் சட்டத்தின் கீழ் கிடைக்காத அதிகாரம் சாதாரண நாளில் கிடைத்து விட்டது. இதுதான் மராவியின் பெயரைச் சொல்லி அரசாங்கம் அடைந்த உண்மையான லாபம்.

வீடிழந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? மிக மோசமாக அழிந்த 24 கிராமப் பகுதிகளின் மக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கள் மண்ணில் கால் வைக்க விடப்படவில்லை. இழப்பீட்டுச் சட்டம் 2022 ஏப்ரலில்தான் கையெழுத்தானது, அதாவது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து. மனுக்களைப் பெறும் வாரியம் 2023இல்தான் பணியைத் தொடங்கியது. குண்டு வீச ஒரு நாள் போதும், கோப்பு நகர ஆறு ஆண்டு வேண்டும்!

மனுப் போடுவதும் சுலபமல்ல. மரானாவ் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த நிலத்துக்குப் பட்டா இல்லாமலேயே இருந்தவர்கள். இருந்த பத்திரமும் வீட்டோடு எரிந்தது. போதாததற்கு, நகரத்து நிலத்தின் ஒரு பகுதி 1953லேயே இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டதாக ஒரு பிரகடனம் இருக்கிறது. ஆகவே வீட்டை இழந்தவரே அந்த வீடு தம்முடையதுதான் என்பதை, அதை இடித்த அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியுள்ளது.