கெட்டிக்காரப் பையன் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அவசரப்படாமல் முழுவதும் படியுங்கள்.

போன வாரம் பேரன் போட்டுக் கொடுத்து 'தி பாஸ்கெட்பால் டைரீஸ்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். 1995-இல் வந்தது. 'டைட்டானிக்' நாயகன் லியனார்டோ டிகாப்ரியோ அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடித்த படம். மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். ஸ்காட் கால்வெர்ட் இயக்கியது. நியூயார்க் கவிஞர் ஜிம் கேரல் (1949–2009) தன் பள்ளி நாட்களில் எழுதிய நாட்குறிப்புதான் கதை. 1963 முதல் 1966 வரை எழுதியது, புத்தகமாக வந்தது 1978-இல்.

கதை இதுதான். கூடைப்பந்தில் புலி. எழுத்தில் அதைவிடப் புலி. நோட்டும் பேனாவும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. அதே பையன் சாயந்தரம் ஆனால் கூட்டாளிகளோடு பசை முகர்வது, மாத்திரை விழுங்குவது என்று ஆரம்பித்து ஹெராயின் ஊசி வரை போகிறான். ரத்தப் புற்றுநோயில் நண்பன் ஒருவன் சாகிறான், அதற்கப்புறம் சரிவு வேகமாகிறது. திருட்டு, பிறகு சொல்லக் கூசுகிற வேலைகள். நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் எனக்குப் படத்தின் மேல் ஒரு வருத்தம் உண்டு. 34 வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

படத்தில் அவன் படிப்பது கண்டிப்பான ஒரு கத்தோலிக்கப் பள்ளி. முதல் காட்சியிலேயே பாதிரியார் வகுப்பு முன்னால் நிறுத்திப் பலகையால் அடிக்கிறார். பார்க்கிறவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கொடுமையான பள்ளி, பையன் கெட்டுப்போனான். நிஜத்தில் நடந்தது வேறு. ஜிம் கேரல் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 1964-இல் மன்ஹாட்டனில் உள்ள ட்ரினிட்டி என்ற பள்ளியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். 1709-இல் தொடங்கிய பள்ளி. பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். பகலில் அவர்களோடு டை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், சாயந்தரம் தன் தெருவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பேச்சு, இரண்டு நடை. அந்தப் பையன் ஹெராயினைத் தொடுவதற்கு முன்பே இரட்டை வாழ்க்கைக்குப் பழகிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படம் இந்த இடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பலகையைக் காட்டிவிட்டது. உதவித்தொகையில் பெரிய பள்ளிக்குப் போன பிள்ளையை நாம் பாராட்டுகிறோம், மாலை போடுகிறோம். அங்கே மதிய இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அடுத்தது. இந்த வருடங்களில் அவர் எங்கேயும் தோற்கவில்லை, கவனியுங்கள். 1966-இல் தேசிய அளவிலான உயர்நிலைப் பள்ளி நட்சத்திர ஆட்டத்தில் ஆடினார். செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நடந்த கவிதைப் பட்டறைகளுக்குப் போனார். பள்ளி முடிப்பதற்கு முன்பே, 1967-இல், முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. இவ்வளவும் கையில் ஊசித் தழும்போடு!

மதிப்பெண் குறைந்தால் நாம் விழித்துக்கொள்வோம். குறையவில்லை என்றால் தூங்குவோம். ஆசிரியர் அறையில் இது தினமும் கேட்கிற பேச்சுதான். கடைசி பெஞ்சுப் பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால், "எங்கேயாவது சுத்தப் போயிருப்பான்." முதல் மாணவன் வரவில்லை என்றால், "பாவம், காய்ச்சலா இருக்கும்." இரண்டு பேரையும் யாரும் விசாரிப்பதில்லை, அது வேறு விஷயம். ஆனால் இரண்டாவது பையனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை அவனுக்கு நல்லதில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியம் கூட அவனுக்கு இல்லை, அவனுக்காக நாமே சொல்லிவிடுகிறோம். படத்தில் ஆட்டத்துக்கு நடுவில், தப்பான மாத்திரை போட்டுக் கால் தள்ளாடுகிற வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்கு முன்பே அவனிடம் தப்பாக நடக்கப் பார்த்த பயிற்சியாளர் ஒருவரும் அங்கே இருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளையைச் சுற்றி அக்கறை போல வருவதெல்லாம் அக்கறை இல்லை என்பதையும் படம் சொல்லிவிட்டுத்தான் போகிறது.

இனி அந்தக் கதவுக் காட்சி. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காசு கேட்டு மகன் வெளியே நின்று கதறுகிறான், மிரட்டுகிறான், "அம்மா, அம்மா" என்று கெஞ்சுகிறான். சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னால் தாய் அழுதுகொண்டே நிற்கிறாள், திறக்கவில்லை. போலீசைக் கூப்பிடுகிறாள். லொரெய்ன் பிராக்கோ நடித்திருக்கிறார். என் மருமகள் "இவளும் ஒரு அம்மாவா" என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காசு சோற்றுக்குப் போகாது, அடுத்த ஊசிக்குத்தான் போகும். அது அவளுக்குத் தெரியும். ஹெராயின் பழகிய உடம்புக்கு நாளாக நாளாக அளவு கூடிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் வாந்தி, நடுக்கம், எலும்பு வலி. அந்த வலியில் கெஞ்சுவது மகனின் வாய், கேட்பது போதை. என் கோபம் வேறு. அந்த ராத்திரி அவளுக்குப் போலீசைத் தவிர கூப்பிட ஒரு ஆள் இல்லை. பள்ளியிலிருந்து ஒருவர் கூட அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததாகப் படத்தில் இல்லை. உதவி செய்கிற ஒரே ஆள் ரெஜி. தானும் போதையில் விழுந்து எழுந்தவர். பனியில் மயங்கிக் கிடந்தவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். அங்கிருந்தும் அவன் ஓடிவிடுகிறான்.

படத்தின் கடைசிதான் எனக்கு ஒப்பவில்லை. சிறை, விடுதலை, மேடை ஏறித் தன் எழுத்தைச் சொல்கிறான், கைதட்டல். முடிந்தது. நிஜத்தில் ஜிம் கேரல் பள்ளியை விட்ட பிறகும் வருடக்கணக்கில் போதையோடு போராடினார். 1973-இல் நியூயார்க்கையே விட்டு, கலிபோர்னியாவில் போலினாஸ் என்ற சின்ன ஊருக்குப் போய்த்தான் மீள முயன்றார். எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு தடவை சிகிச்சைக்குப் போய் வந்த பிள்ளை மறுபடி விழுந்தால், "இவன் திருந்தவே மாட்டான்" என்று வீட்டார் கைவிடுகிறார்கள். அதற்கு இப்படிப்பட்ட சினிமா முடிவுகளும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் நீளக் கறுப்புக் கோட்டோடு வகுப்பில் நுழைந்து சுடுவது போல ஒரு கனவுக் காட்சி வரும். 1997-இல் கென்டக்கி மாநிலம் பாதூகாவில் 14 வயதுப் பையன் பள்ளியில் சுட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். இந்தப் படமும் காரணம் என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெற்றோரின் வேதனை புரிகிறது, ஆனாலும் தீர்ப்பு சரி என்பேன். பையனைத் தினமும் பார்த்தவர்கள் இருக்க, ஒரு சினிமாவைக் கூண்டில் ஏற்றினால் நமக்கெல்லாம் சௌகரியமாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை இது. கெட்ட வார்த்தையும் ஊசியும் நிறைய. பெற்றோர் முதலில் தனியாகப் பாருங்கள். ஆசிரிய நண்பர்கள் பார்த்தால், அந்தக் கதவுக் காட்சியைப் பற்றி உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். என் மருமகளும் படிக்கிறாள், அவள் பக்கம் பேசினாலும் எனக்கு வருத்தமில்லை.