செயலி கேட்கும்... பதில் சொல்வது யார்?



உலகமே உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் கம்ப்யூட்டர் பிரிவில் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் என்றாலே பாதிப்பேர் ‘ஹெல்த் ஆப்’ என்கிறார்கள். மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும், வலியைக் குறித்துக்கொள்ளும், கலர் கலராகக் கிராஃப் போடும். நல்லதுதான். ஆனால் புற்றுநோயாளிக்கு அது போதுமா?

கீமோ மருந்து ஏறுவது ஆஸ்பத்திரியில். அதன் தொந்தரவு தலைகாட்டுவதோ வீட்டில், சில நாள் கழித்து, பல நேரம் ராத்திரியில். வாந்தி, வாய்ப்புண், பேதி... எல்லாவற்றையும்விட ஆபத்து காய்ச்சல். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசர கேஸ். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் வீடுகளிலோ, “டாக்டரை எதுக்குச் சும்மா தொந்தரவு பண்ணணும்?” என்று ஒரு மாத்திரையைப் போட்டுப் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் ஈதன் பாஷ் குழுவினர், நோய் பரவிய 766 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் தங்கள் தொந்தரவுகளைக் கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். ஏதாவது முற்றினால் உடனே நர்ஸுக்குத் தகவல் போகும். 2017-ல் வெளிவந்த முடிவின்படி, பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். அதைவிட என்னைக் கவர்ந்த செய்தி, கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாம்! பிறகு 52 சிகிச்சை மையங்களில் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொந்தரவுகள் குறைந்தன, உடல் இயக்கம் தேறியது.

இங்கே வேலை செய்தது மெஷின் மட்டுமா? மறுமுனையில் அதைப் பார்த்து நடவடிக்கை எடுத்த நர்ஸ் அல்லவா! அந்த நர்ஸ் இல்லாவிட்டால் நம் செயலி வெறும் டைரிதான்.

என் அத்தை இப்போது கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் பார்க்காதவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால், அவருடைய ஃபைலைப் படித்துச் சொல்வது என் வேலை. வீட்டில் இருப்பது ஒரே செல்போன். மாமா லோடு ஏற்றப் போனால் அதுவும் கூடவே போய்விடும். சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் அத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியே ஊரை ஆண்டுவிடுவார்! எழுத்து வராது, பேச்சு வரும். அப்படிப்பட்டவரிடம் ‘பெயின் ஸ்கோர் பத்துக்கு எத்தனை?’ என்று இங்கிலீஷில் கேட்டால் என்ன செய்வார்? ‘சோறு இறங்குதா? எழுந்து நடக்க முடியுதா?’ என்று தமிழில், குரலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று மறைக்கிற ஊர் இது. ‘கேன்சர்’ என்ற எழுத்து நாலு பேர் பார்க்கும் போனின் திரையில் பளிச்சிட்டால் அன்றே செயலியை அழித்துவிடுவார்கள். (மூலிகையால் முழு குணம் என்று விளம்பரம் காட்டும் செயலிகளை அழித்தால் சந்தோஷம்!)

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே பணியாளர்கள் வருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. காய்ச்சல் என்று நோயாளி சொன்னதும் ஆஸ்பத்திரி நர்ஸின் போனிலும், அந்தப் பகுதிக்கு வரும் அக்காவின் போனிலும் மணி அடிக்கும்படி நம் பிரிவில் ஒரு குழுவாவது இந்த வருஷம் எழுதிப் பார்க்கலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுத்துப் பேச ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பது அரசின் வேலை. அதையும் நாம் கேட்க வேண்டும்.